செருப்பு நிற்காத கால்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கும் துறைச் செயலாளர் அவர்களுக்கும் வணக்கம்.

என் மகளுக்கு 7 வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. இரண்டரை ஆண்டு சிகிச்சை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாவிட்டால் அவளை நாங்கள் காப்பாற்றியிருக்க முடியாது. அந்த நன்றியை மறக்காமல்தான் எழுதுகிறேன்.

சிகிச்சை நடுவில் அவள் காலில் செருப்பு நிற்கவில்லை. அளவு பெரிதென்று நினைத்துச் சின்னதாக வாங்கினேன். அதுவும் கழன்றது. பாதத்தைத் தூக்க முடியாமல் விரல் நுனி தரையில் இடற நடந்தாள். உட்கார்ந்தால், தொடைமேல் கையை ஊன்றி ஊன்றித்தான் எழுந்தாள். நோயின் அசதி என்றே இருந்துவிட்டேன்.

2021இல் தொடங்கிய, வீட்டுக்கே வந்து சிகிச்சை தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், எங்கள் தெருவில் பக்கவாதம் வந்த ஒரு பெரியவருக்காக பிசியோதெரபிஸ்ட் வருவார். ஒருநாள் அவரை வாசலில் மறித்துக் கேட்டேன். “பட்டியல்ல பாப்பா பேர் இல்லையேம்மா” என்றார். ஆனாலும் திண்ணையில் உட்கார்ந்து, அவளைக் குதிகாலால் நடக்கச் சொன்னார். நாலடிகூட அவளால் வைக்க முடியவில்லை. கீமோவில் ஏற்றும் வின்கிறிஸ்டின் என்ற மருந்து பாத நரம்பைப் பாதிக்கும், ஸ்டீராய்டு தொடைத் தசையைக் கரைக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அதற்குள் குதிகால் தசைநார் இறுகிவிட்டது. பாதத்தில் துண்டைப் போட்டு இழுக்கும் பயிற்சியை அவரே கற்றுக்கொடுத்தார்.

அந்த மருந்துகள்தான் என் பிள்ளையை மீட்டன. அவற்றைக் குறை சொல்லவில்லை. ஆனால் கீமோவுக்கு வரும்போதெல்லாம் பிள்ளையைக் குதிகாலால் நடக்கவிட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதுமே! வார்டில் எங்களோடு இருந்த, முழங்கால் எலும்புக் கட்டிக்கு அறுவை செய்த பையனுக்கும், சிறுமூளைக் கட்டி எடுத்தபின் தள்ளாடிய சிறுமிக்கும் இதைவிட நீண்ட பயிற்சி வேண்டும். வாராவாரம் பேருந்தேறிப் பெருநகரத்துக்கு வர அவர்களால் ஆகாது.

ஆள் இல்லாமல் இல்லை. வீடு தேடி வரும் பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார். 18 வயது வரையுள்ள பிள்ளைகளின் குறைபாடுகளுக்குச் சிகிச்சையும் பயிற்சியும் தரும் மாவட்ட இடையீட்டுச் சேவை மையங்களும் இருக்கின்றன. வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் அன்றே பிள்ளையின் பெயர் அங்கே போய்ச் சேர உத்தரவிடுங்கள். பாதத்தைத் தாங்கும் ஸ்பிளின்ட்டையும் காப்பீட்டு அட்டையிலேயே கொடுங்கள்.

இன்னொன்று. அவளுக்கு இப்போது 10 வயது. பி.டி. பீரியடில் மரத்தடியில் உட்கார்த்தி வைக்கிறார்கள். ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். சில கீமோ மருந்துகள் இதயத்தையும் தொடும் என்பதால் அவருக்குப் பயம். எக்கோ என்னும் இதய ஸ்கேன் பார்த்து, எவ்வளவு ஓடலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்று மருத்துவமனை எழுதித் தரும் ஒரு தாள் இருந்தால் அவர் அவளை மைதானத்தில் விடுவார். ஜூனில் பள்ளி திறக்குமுன் அந்தத் தாளாவது கிடைக்கச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்