அரிசி அட்டையும் பொங்கல் பணமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரேஷன் அரிசியை வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும் கொடுத்தால் போதும், மற்றவர்களின் அட்டையை ரத்து செய்துவிடலாம் என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். கூட்டுறவுச் சங்கம் நடத்தும் ரேஷன் கடையில் 26 ஆண்டுகள் விற்பனையாளராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

1997-இல் மத்திய அரசு பொது விநியோகத்தை வறுமைக்கோட்டின்படி இரண்டாகப் பிரித்தபோதும், 2016-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை இங்கே நடைமுறைக்குக் கொண்டுவந்தபோதும், கேட்பவர் எவருக்கும் அரிசி உண்டு என்ற முறையைத் தமிழகம் கைவிடவில்லை. அதனால் என்ன பயன் என்பதை நான் கடையில் கண்டேன். ஒரு மாதம் துவரம்பருப்பு வண்டு விழுந்து வந்தது. கூலி வேலைக்குப் போகிறவர்கள் பையைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசாமல் வாங்கிப்போனார்கள். ஒரு நாள் நின்று சண்டை போட்டால் அன்றைய கூலி போய்விடும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மட்டும் பருப்பைத் தராசுத் தட்டிலேயே திருப்பிக் கொட்டிவிட்டு, வட்ட வழங்கல் அலுவலருக்கு மனு எழுதினார். அடுத்த வாரமே மூட்டைகள் மாறின. அன்றைக்கு அவர் மேல் எனக்குக் கோபம்தான். ஆனால் வசதியானவர் என்று அவருடைய அட்டையை ரத்து செய்திருந்தால், அந்தப் பருப்பு அத்தனையும் அந்த ஊர் உலைகளில்தான் வெந்திருக்கும்.

இலவச அரிசியால் வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்ற பேச்சும் அக்கடிதத்தில் இருந்தது. நானும் மூன்று மா (ஏறத்தாழ ஒரு ஏக்கர்) நிலம் வைத்திருப்பவன். முன்பெல்லாம் ஐப்பசி, கார்த்திகையில் வீட்டில் அரிசி இல்லாதவர், கொடுத்த கூலிக்கு வருவார்; 2011 ஜூனிலிருந்து விலையில்லாமல் அரிசி கிடைப்பதால், கட்டுப்படியாகாத கூலிக்கு வரமாட்டேன் என்று அவரால் சொல்ல முடிகிறது. கூலி கொடுப்பவனுக்கு அது சோம்பேறித்தனமாகத் தோன்றுகிறது.

அரிசி கடத்தப்படுவதும், வாங்கிய அரிசி கோழித் தீவனமாவதும் உண்மையே. ஆனால் வேண்டாதவர்கள் எதற்காக அரிசி அட்டையை விடாமல் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா? அரிசிக்குப் பதில் கூடுதல் சர்க்கரை பெறும் அட்டையும், எதுவுமே வாங்காத பண்டகமில்லா அட்டையும் நெடுங்காலமாக இருக்கின்றன. பலர் தாமாகவே அவற்றை வைத்திருந்தார்கள். 2020 பொங்கலுக்கான 1,000 ரூபாய் பரிசுத் தொகை அரிசி அட்டைக்கு மட்டும் என்று வைத்து, அதற்கு முன் 2019 நவம்பரில் சர்க்கரை அட்டையை அரிசி அட்டையாக மாற்றிக்கொள்ள அரசே வாய்ப்பும் கொடுத்தது. ஆளை எண்ணிக் கழிப்பதைவிட, பரிசுத் தொகையை அரிசியோடு முடிச்சுப் போடுவதை நிறுத்துவதே முதல் வேலை என்பது என் கருத்து.

அந்த நவம்பரில் அட்டை மாற்ற வந்தவர்களில் ஒருவர், "அரிசியெல்லாம் வேண்டாம் சார், பொங்கலுக்குப் பணம் வரும்ல, அதுக்குத்தான்" என்றார். பிறகு மாதந்தோறும் அரிசிக்கும் பில் போட்டு, கடை வாசலிலேயே தம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவின் பையில் கொட்டிவிட்டுப் போனார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரேஷன் கடை விற்பனையாளர்,
திருவாரூர் மாவட்டம்.