ஓட்ட நேரத்தை விநாடியாக மாற்றும் டிரிக்கரில் உள்ள பிழை குறித்த புகார்

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்

பொருள்: டிரிக்கரைத் திருத்தி, பழைய பதிவுகளையும் சரிசெய்து தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

கட்டட வேலைகளுக்கு டீசல் ஜெனரேட்டர்களை வாடகைக்கு விடும் எங்கள் நிறுவனம் தங்களுடைய பில்லிங் மென்பொருளைப் பயன்படுத்தி வருகிறது. ஜெனரேட்டர் ஓடிய நேரத்துக்கே நாங்கள் வாடகை வாங்குகிறோம். அந்த நேரத்தை விநாடியாக மாற்றி எழுதுவது, மென்பொருளின் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் தாங்கள் அமைத்திருக்கும் டிரிக்கர், அதாவது ஒரு பதிவு சேரும்போதோ மாறும்போதோ தானாக இயங்கும் சிறு நிரல்.

அந்த டிரிக்கர் நின்ற நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தை வெறும் கழித்தல் குறியால் கழித்தது. அப்படிக் கழித்தால் மைஎஸ்கியூஎல் இரு நேரங்களையும் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி என்று இலக்கங்களை ஒட்டிய நீண்ட எண்களாக எடுத்துக்கொள்ளும். காலை 9.15-க்குத் தொடங்கி மாலை 5.05-க்கு நின்ற ஜெனரேட்டர் உண்மையில் ஓடியது 28,200 விநாடி; டிரிக்கர் எழுதியதோ, தேதி ஒன்றே என்பதால், 17:05:00 என்பதை ஒட்டிய 1,70,500-லிருந்து 09:15:00 என்பதை ஒட்டிய 91,500-ஐக் கழித்துக் கிடைத்த 79,000. ஏழே முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட ஓட்டத்துக்கு ஏறத்தாழ 22 மணி நேர வாடகை போட்ட பில், எங்கள் பெயரில் வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. சோதித்தபோது சரியாகவே வந்தது என்று தங்கள் சேவைப் பிரிவினர் பதில் எழுதினர். ஒரே நிமிடத்துக்குள் தொடங்கி நிற்கும் ஓட்டத்துக்கு இந்தக் கழித்தல் சரியான விடையையே தரும் என்பதால், சில விநாடிகள் மட்டும் ஓட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது.

பிறகு தாங்கள் அனுப்பிய திருத்தத்தில் இரு நேரங்களின் வித்தியாசத்தைத் தரும் டைம்டிஃப் ஃபங்ஷனின் விடை டைம்_டு_செக் ஃபங்ஷன் மூலம் விநாடியாக்கப்படுகிறது. டைம்டிஃப் தரும் விடை டைம் என்ற தரவு வகையைச் சேர்ந்தது; அந்த வகையின் உச்சவரம்பு 838 மணி 59 நிமிடம் 59 விநாடி, அதாவது 30,20,399 விநாடி. 35 நாளுக்குச் சற்றே குறைவு. பணியிடத்தில் அதற்கும் மேலாக நிற்காமல் ஓடிய ஜெனரேட்டரின் கணக்கு அந்த எண்ணிலேயே நின்றுவிட்டது. முன்பு வாடிக்கையாளருக்கு இழப்பு, இப்போது எங்களுக்கு. வித்தியாசத்தைக் கேட்ட அலகில் முழு எண்ணாகத் தரும் டைம்ஸ்டாம்ப்டிஃப் ஃபங்ஷனில் அலகை விநாடி என்று கொடுத்திருந்தால் இவ்விரு பிழைகளுமே நேர்ந்திரா.

இன்னொன்றும் உண்டு. ஜெனரேட்டரின் கட்டுப்பாட்டுக் கருவி யூடிசி எனப்படும் உலகப் பொது நேரப்படி 1970 ஜனவரி 1 முதலான விநாடிகளில் நேரத்தை அனுப்புகிறது. அதனோடு ஒப்பிட, இந்திய நேரத்தில் பதிவான தொடக்க நேரத்தை, அதே வகை விநாடிகளாக மாற்றும் யூனிக்ஸ்_டைம்ஸ்டாம்ப் ஃபங்ஷனுக்கு டிரிக்கர் தருகிறது. அந்த ஃபங்ஷன் தரவுத்தள இணைப்பின் நேர மண்டலத்தை வைத்தே கணக்கிடும். தங்கள் சர்வர் யூடிசியில் இருப்பதால், விடை ஒவ்வொரு முறையும் 19,800 விநாடி, அதாவது சரியாக ஐந்தரை மணி நேரம், கூடுதலாக வருகிறது.

ஆகவே, டிரிக்கரை முறையாகத் திருத்தி, இணைப்பின் நேர மண்டலத்தையும் வெளிப்படையாக அமைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். புதிய டிரிக்கர் ஏற்கெனவே பதிவான வரிசைகளைத் தானாகத் தொடாது என்பதால், அவற்றைத் தனியே மறுகணக்கிட்டு, மாறிய ஒவ்வொரு பில்லின் பழைய தொகையையும் புதிய தொகையையும் காட்டும் பட்டியல் ஒன்றையும் அனுப்ப வேண்டும். அது கைக்கு வந்த பின்னரே வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர வேண்டிய பணத்தை எங்களால் முடிவு செய்ய இயலும். அதுவரை இம்மென்பொருளுக்கான பராமரிப்புக் கட்டணத்தை நிறுத்திவைக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்