பேரிங்கை மாற்றும் முன் இரைச்சலைச் சோதியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் அண்மையில் வெளியான குறிப்பு ஒன்றில், வேகம் கூடக் கூடக் காரின் அடியிலிருந்து வரும் இரைச்சலும் கூடினால் சக்கரம் தடையின்றிச் சுழல உதவும் குண்டு வளையமான வீல் பேரிங் போய்விட்டதாகக் கொள்ளலாம் என்று கூறப்பட்டிருந்தது. இது பாதி உண்மைதான். சீரில்லாமல் தேய்ந்த டயரும் அதே போல வேகத்தோடு சேர்ந்துதான் இரையும். இந்த ஒரே அடையாளத்தை நம்பிப் பணிமனைக்குச் செல்பவர் நல்ல பேரிங்கைக் கழற்றிப் போடவும் கூடும், கெட்ட பேரிங்கோடு புதிய டயர்களை வாங்கி மாட்டிக்கொண்டு திரும்பவும் கூடும். பெங்களூரில் தொழிற்சாலை இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றி, பேரிங்குகளின் ஓசையைக் கேட்டுப் பழகி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

முதலில் ஓசை சக்கரத்திலிருந்துதான் வருகிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். சமமான, போக்குவரத்து இல்லாத சாலையில் மணிக்கு 50 அல்லது 60 கி.மீ. வேகத்தில் செல்லும்போது கிளட்சைச் சில நொடிகள் மிதித்தால் எஞ்சின் சுழற்சி இறங்கிவிடும். ஓசையும் அதனுடன் இறங்கினால் சந்தேகம் எஞ்சின் பக்கம் போக வேண்டும். அது மாறாமல் நீடித்தால் சக்கரங்களைத்தான் பார்க்க வேண்டும். ஆட்டோமேட்டிக் கார்களில் ஓடும்போது நியூட்ரலுக்குத் தள்ளுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதே வேகத்தில் ஒரு கியர் குறைத்து, எஞ்சின் சுழற்சி உயரும்போது ஓசை மாறுகிறதா என்று கவனித்தாலே போதும்.

அடுத்த சோதனைக்கு நம் பெங்களூரைப் போல வசதியான ஊர் வேறில்லை. இங்கு ஒயிட் டாப்பிங் செய்த சிமெண்ட் சாலையும் தார்ச்சாலையும் ஒரே பயணத்தில் மாறி மாறி வருகின்றன. டயரின் ஓசை என்பது அதன் பட்டன்கள், அதாவது மேற்பரப்பில் உள்ள ரப்பர்க் கட்டங்கள், சாலைப் பரப்பில் மோதி எழுப்புவது. ஆதலால் பரப்பு மாறிய கணத்திலேயே அதன் சுருதியும் அளவும் மாறிவிடும். குறுக்குக் கோடுகள் இழுத்த சிமெண்ட் சாலையில் கூவும் டயர், புதிதாகப் போட்ட தார்ச்சாலையில் ஏறக்குறைய அடங்கிவிடும். பேரிங்கின் ஓசையோ உள்ளே இருக்கும் குண்டுகளும் அவை ஓடும் பாதையும் சேதமடைந்ததால் எழுவது. அதற்குச் சாலை எதுவென்று தெரியாது. வேகம் ஒன்றாக இருக்கும் வரை அதுவும் ஒன்றாகவே இருக்கும். தினமும் செல்லும் தார்ச்சாலை சிமெண்ட் சாலையாக மாறியதும் வண்டியில் திடீரென்று கோளாறு வந்துவிட்டதாக அஞ்சுகிறவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

பேரிங்கைப் பெரும்பாலும் காட்டிக்கொடுப்பது வளைவு. கார் இடப்பக்கம் திரும்பும்போது அதன் பாரம் வலப்பக்கச் சக்கரங்களின் மேல் சாயும். வலப்பக்கம் திரும்பும்போது இடப்பக்கச் சக்கரங்கள் அதைத் தாங்கும். ஆகவே நீண்ட இடப்பக்க வளைவில் இரைச்சல் கூடி, வலப்பக்க வளைவில் குறைந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வலப்பக்க பேரிங்கை. இரண்டு வரிசைக் குண்டுகள் கொண்ட இக்கால பேரிங்குகளில் உள்வரிசை மட்டும் கெட்டிருந்தால் இந்த விதி பிறழ்வதும் உண்டு. எனவே இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. மேம்பாலத்தில் ஏறி இறங்கும் அகன்ற வளைவே இச்சோதனைக்குப் போதும். போக்குவரத்துக்கு நடுவே ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஒடித்துப் பார்ப்பது ஆபத்து.

வண்டியை நிறுத்திய பின் உள்ளங்கையை டயரின் பட்டன் மீது வைத்து, சுற்றளவு நெடுகவும் குறுக்காகவும், இரு திசைகளிலும் தடவிப் பார்க்கலாம். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல்லைப் போலச் சுரசுரப்பாகவும் இருந்தால் இரைச்சலின் ஊற்று பெரும்பாலும் அதுவே. கம்பி வெளியே தெரியும் அளவுக்குத் தேய்ந்த டயரைத் தடவ வேண்டாம், அது கையைக் கிழித்துவிடும். குறுக்குவாட்டுச் சுரசுரப்புக்கு வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோண அமைப்பு) கெட்டிருப்பதும், ஆங்காங்கே குழி விழுந்த தேய்மானத்துக்கு ஷாக் அப்சார்பர் தளர்ந்திருப்பதும் வழக்கமான காரணங்கள். முன்சக்கர இயக்கக் கார்களில் குறைந்த பாரம் தாங்கும் பின்பக்க டயர்களை இடம் மாற்றாமலே விட்டுவிட்டால் அவையும் இப்படித் தேய்ந்து பின்னாலிருந்து முனகும். முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்த்தால் இதற்குத் தெளிவான விடை கிடைத்துவிடும்: ஓசை டயரோடு இடம் பெயர்ந்தால் குற்றவாளி டயர், பழைய இடத்திலேயே நின்றால் பேரிங். சுழலும் திசை அம்புக்குறியிட்ட டயர்களை மட்டும் பக்கம் மாற்றாமல் அதே பக்கத்தில் முன்பின்னாகப் போட வேண்டும்.

ஜாக்கியில் தூக்கிப் பார்ப்பதைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. தூக்கிய வண்டிக்கு ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். பின் சக்கரத்தைச் சுழற்ற ஹேண்ட் பிரேக்கை விடுவிக்க வேண்டியிருப்பதால் முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைக்க வேண்டும். சக்கரத்தைக் கையால் சுழற்றிக்கொண்டே காரைத் தாங்கும் சுருள் வில்லான காயில் ஸ்பிரிங்கை விரல் நுனியால் தொட்டால் கெட்ட பேரிங்கின் கரகரப்பு அங்கே தெரியும். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் பேரிங்கோடு, சக்கரத்தை அதன் தாங்கு கம்பியோடு இணைக்கும் பால் ஜாயிண்டையும் பார்க்க வேண்டும். ஆனால் பாரமில்லாமல் சுழலும்போது ஓசையே காட்டாத கெட்ட பேரிங்குகளும் உண்டு. ஆகவே ஜாக்கியில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் பேரிங் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட முடியாது.

எங்கள் பகுதியில் வசிக்கும் நண்பர் ஒருவரின் காருக்கு முன்பக்க பேரிங்குகள் இரண்டையும் ஒரு பணிமனை மாற்றியது. பணம் கட்டி வெளியே வந்ததும் அதே இரைச்சல் அவரை வரவேற்றது. காரணம் பின் டயர்களின் ரம்பத் தேய்மானம். செலவைவிட இதில் என்னை வருத்துவது வேறொன்று. பல கார்களில் பேரிங்கை, சக்கரம் மாட்டப்படும் ஹப்பிலிருந்து கழற்றும் விசை குண்டுகள் வழியாகவே செல்வதால், நன்றாக இருந்த பேரிங்கும் கழற்றும்போதே கெட்டுவிடும். திரும்ப மாட்ட முடியாது. புதியதைப் பிரஸ்ஸில் வைத்து அழுத்தாமல் சுத்தியலால் அடித்து ஏற்றினால் அதுவும் சில மாதங்களில் இரைய ஆரம்பிக்கும். தூசியும் நீரும் புகாமல் காக்கும் சீலிலேயே, ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) சென்சாருக்கான காந்த வளையம் பதிந்த பேரிங்கைத் திருப்பிப் போட்டுவிட்டால் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு அணையவே அணையாது.

மறுபக்கத் தவறு இன்னும் கொடியது. டயர்தானே என்று எண்ணி, இரையும் பேரிங்கோடு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரி, சேலம் வழியே நெடுஞ்சாலையில் செல்பவர்கள் இங்கு நிறையப் பேர். முற்றிலும் சிதைந்த பேரிங் சக்கரத்தையே இறுக்கி நிறுத்திவிடவோ தளர்த்திவிடவோ முடியும். 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலைப் பகுதி மூழ்கியது போன்ற வெள்ளத்தில் நின்ற கார்களிலும், வேகமாகப் பள்ளத்தில் விழுந்து எழுந்த கார்களிலும் பேரிங்கை முதலில் சந்தேகிப்பது நியாயமே. சீலைக் கடந்து தண்ணீர் புகுந்தால் துருவும், பலத்த அடி பட்டால் குண்டோடும் பாதையில் பள்ளமும் ஏற்படும்.

எனவே தங்கள் வாகனப் பகுதியில் இச்சோதனைகளை ஒருமுறை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பணிமனைகள், காரின் உரிமையாளரோடு மெக்கானிக் ஓட்டிப் பார்த்ததையும், டயர்களை இடம் மாற்றிப் பார்த்ததன் முடிவையும் ஜாப் கார்டில் எழுதிய பிறகே பேரிங்கைக் கழற்ற வேண்டும். கழற்றிய பழைய பேரிங்கை உரிமையாளர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கழற்றும்போதே அது சேதமடைவதால், கையில் சுழற்றும்போது தெரியும் கரகரப்பைச் சான்றாகக் கொள்ள முடியாது. பிரித்துக் காட்டச் சொல்லி, குண்டோடும் பாதையில் துருவோ உலோகம் பெயர்ந்த பொருக்கோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு.