மாடித்தோட்டக் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வற்றி, சென்னை முழுக்கக் குடங்களோடு லாரிக்குக் காத்திருந்ததை யாரும் மறக்கவில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர்க் கட்டுப்பாடு தேவை என்பதில் குழுவுக்கு மாற்றுக் கருத்து கிடையாது. நம் தண்ணீர் விதி தேதியைப் பார்த்து எழுதப்பட்டிருப்பதுதான் வருத்தம். செடி வளரும் பையில் ஈரம் இருக்கிறதா என்று அது கேட்பதே இல்லை.

"ஒருநாள் விட்டு ஒருநாள், பைக்கு ஒரு லிட்டர்" என்ற நம் விதி அக்னி நட்சத்திரத்தில் எடுபடவில்லை. 12 அங்குலப் பையில் காய்க்கும் தக்காளிக்கு அப்போது தினமும் ஒன்றரை லிட்டராவது வேண்டும். தண்ணீர் விடாத நாளில் பையின் மண்கலவையில் உள்ள தென்னை நார்க்கழிவு காய்ந்து சுருங்கி, பையின் ஓரத்தை விட்டு விலகிவிடுகிறது. மறுநாள் ஊற்றுவது அந்த இடுக்கு வழியே அடித்துளைக்கு ஓடித் தளத்தைத்தான் நனைக்கிறது. அப்படிக் காய்ந்த பைக்கு முதலில் கால் லிட்டர் ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டு, பிறகு மீதியை ஊற்றுங்கள். தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அழுகுவதும் பெரும்பாலும் இதனால்தான். மண்ணில் கால்சியம் இருந்தாலும் நீர் சீராகக் கிடைக்காவிட்டால் அது காய்க்குப் போய்ச் சேராது.

"மழை பெய்தால் இரண்டு நாள் தண்ணீர் கூடாது" என்ற ஐப்பசி விதியும் சரியில்லை. 10 மி.மீ. மழையில் 12 அங்குல வாயுள்ள பைக்குக் கிடைப்பது சுமார் 700 மி.லி.தான், அடர்ந்த கத்தரிச் செடியின் இலைகள் அதிலும் கொஞ்சத்தை வெளியே தள்ளிவிடும். வெறும் தூறலையும் மழைக்கணக்கில் சேர்த்தால் செடி வாடத்தான் செய்யும். அடைமழையிலோ டைமர் வைத்த சொட்டுநீர்க் குழாய்கள் தானாக ஓடுகின்றன. மிளகாய் நாற்றுகள் அடித்தண்டு அழுகிச் சாய்கின்றன. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் டைமரை அணைத்துவிட வேண்டும்.

விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டு, ஈரம் தட்டாவிட்டால் மட்டும் ஊற்றுங்கள். மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவான் (சொட்டுநீர்க் குழாயில் நீர் சொட்டும் முனை) 15 நிமிடத்தில் ஒரு லிட்டர் தரும். போர் தண்ணீரின் உப்பு அதை அடைத்துவிடும் என்பதால், மாதம் ஒருமுறை குழாயின் கடைசி மூடியைத் திறந்து நீரை வேகமாக ஓடவிடுங்கள். ஈரம் காக்க மண்மேல் இரண்டு அங்குலத்துக்குப் பரப்பும் சருகு மூடாக்கு தண்டைத் தொடக்கூடாது. ஏசி தண்ணீரைத் தாராளமாக ஊற்றலாம், ஆர்.ஓ. கழிவுநீரைத் தொடர்ந்து ஊற்றினால் பையில் உப்பு சேரும்.

நாள் கணக்கை நீக்கி, பருவத்துக்கேற்ற மாத லிட்டர் அளவை நிர்ணயிக்கவும், தோட்டக் குழாய்க்குத் தனி மீட்டரும் வடிகட்டியும் வாங்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறோம்.

செயலாளர்