ராடு வாங்கும் முன் கண்மாயைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் தூண்டில் மீன்பிடிப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கரையில் உட்கார்ந்து தக்கையையே பார்த்துக்கொண்டிருந்த பழக்கம் மாறி, இளைஞர்கள் செயற்கை இரை வீசி விரால் பிடிக்கிறார்கள் என்பதைக் கவனித்து எழுதியது நல்லதுதான். ஆனால் கட்டுரையோடு அச்சான படத்தில் தூண்டில் நரம்பைச் சுற்றும் ஸ்பின்னிங் ரீல், தூண்டில் கம்பான ராடுக்கு மேலே நின்றுகொண்டிருக்கிறது. அது ராடுக்கு அடியில் தொங்க வேண்டியது. மேலே உட்காருவது பெய்ட்காஸ்டர் என்ற இன்னொரு வகை ரீல். படம் மட்டும் தலைகீழ் என்றால் விட்டுவிடலாம். முதலில் ராடு, பிறகு ரீல், மிச்சக் காசில் நரம்பும் லூர் என்கிற செயற்கை இரையும் என்று கட்டுரையாளர் போட்டிருக்கும் வரிசையும் தலைகீழ்தான். கடைக்காரருக்கு அது சௌகரியம். வாங்குகிறவர் எதிர்ப்பக்கத்திலிருந்து வர வேண்டும்: தண்ணீரில் என்ன செடி, அதற்குள் எந்த லூர் போகும், அது எத்தனை கிராம், அதை இழுக்க எந்த நரம்பு, அந்த நரம்புக்கு எந்த ராடு, கடைசியில் ரீல்.

'பாஸ் ராடு' என்று எழுதி விற்பது எதற்கு என்பதையும் கட்டுரை சொல்லவில்லை. லார்ஜ்மவுத் பாஸ் அமெரிக்க ஏரிகளின் மீன். அதன் உலகச் சாதனை எடை 1932இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 10 கிலோ. 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்த மீன் அதைச் சமன் செய்தது. சாதனைக் கதை அப்படியிருக்க, அன்றாடம் மாட்டும் பாஸ் ஒன்றிரண்டு கிலோதான். அல்லி இலைக்கு அடியில் ஒளிந்திருந்து மேலே போகும் தவளையை அடிக்கிற மீன் அது. நம் விராலும் அதே எடை, அதே ஒளிவிடம், அதே குணம். அதனால்தான் அந்த மீனுக்காகச் செய்த சாமான் நம் கண்மாய்க்குப் பொருந்துகிறது. ராடில் எடைகள் பவுண்டிலும் அவுன்ஸிலும் இருப்பதும் அங்கிருந்து வந்ததால்தான். ஆனால் இரண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பாஸ் வாயை அகலத் திறந்து இரையைத் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். விரால் பல்லால் கவ்வும். தாடை கெட்டியான எலும்பு. பாஸுக்குச் சொல்லும் நரம்பையும் முள்ளையும் அப்படியே விராலுக்குச் சொன்னால் மீன் தப்பும், சில சமயம் முள்ளே நிமிர்ந்துவிடும்.

செடியிலிருந்து தொடங்குவோம். ஆகாயத்தாமரையும் அல்லியும் கோரையும் மண்டிய கண்மாயில் மும்முனை முள் தொங்கும், மீன் வடிவ கிராங்க்பெய்ட் லூரை வீசினால் மீனுக்கு முன் பாசிதான் மாட்டும். அந்த லூருக்கு வேலை திறந்த நீரில், கலிங்கை ஒட்டிய வெளியில். செடிக்குள் வேலை செய்வது தவளை வடிவ லூர். உள்ளே காற்றோடு மிதக்கும் ரப்பர் உடம்பு. முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இரட்டை முள். எடை 10 முதல் 15 கிராம். வாங்கும்போதே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அமுக்கிப் பாருங்கள். லேசான அமுக்கலுக்கே உடம்பு படிந்து இரண்டு முள் நுனியும் வெளியே வர வேண்டும். விரலை இறுக்கி நசுக்கினால்தான் வருகிறது என்றால், மீன் வாயிலும் வராது. மலிவான தவளைகள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கின்றன. முள் உடம்போடு ரொம்ப ஒட்டியிருந்தால் மூக்குக் குறடால் ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளிப்பக்கம் திருப்பலாம். அதற்கு மேல் திருப்பினால் செடியில் சிக்கும். குஞ்சக் கால்கள் நீளமாக இருந்தால் மீன் காலை மட்டும் கவ்விவிட்டுப் போகும். பாதியாக வெட்டிவிடுங்கள். முன்பக்கத் துளை வழியாகத் தண்ணீர் ஏறும், தவளை தாழும். நாலைந்து வீச்சுக்கு ஒரு முறை பிழிந்துவிட வேண்டும்.

தவளை தீண்டாத நாளில் இன்னொரு வழி, மண்புழு போன்ற மென்பிளாஸ்டிக் இரையை டெக்சாஸ் முறையில் கோப்பது. முனை கூர்த்த ஈயக்குண்டு 5 முதல் 10 கிராம் வரை நரம்பில் சறுக்கும். அதன் கீழே வளைந்த தோள் உள்ள முள். முள் நுனியைப் புழுவின் தலையில் அரை சென்டிமீட்டர் குத்தி வெளியே எடுத்து, முள்ளைத் திருப்பி, நுனியைப் புழுவின் உடம்புக்குள் மறுபடி ஒளித்துவிட வேண்டும். புழு நேர்கோடாக இருக்க வேண்டும். வளைந்து கோத்தால் இழுக்கும்போது பம்பரமாகச் சுற்றி நரம்பை முறுக்கிவிடும்.

நரம்பு விஷயத்தில் கட்டுரையோடு எனக்குக் கடுமையான கருத்து வேறுபாடு. "15 பவுண்டு தங்கூஸ் போதும்" என்று எழுதியிருக்கிறார். பவுண்டு என்பது நரம்பு அறுபடாமல் தாங்கும் எடை. திறந்த நீரில் கெண்டைக்குப் போதும். செடிக்குள் விராலுக்குப் போதாது. ஒற்றை இழைத் தங்கூஸ் இழுத்தால் நீளும். 25 மீட்டர் தூரத்தில் மீன் கவ்வும்போது நீங்கள் ராடை எவ்வளவு வெட்டி இழுத்தாலும் விசையில் ஒரு பகுதி அந்த நீட்சியிலேயே போய்விடும், எலும்புத் தாடையில் முள் இறங்காது. பின்னல் நரம்பு, கடையில் பிரெய்டு என்று கேளுங்கள், கிட்டத்தட்ட நீளாது. 50 பவுண்டு பிரெய்டின் தடிமன் ஏறத்தாழ 12 பவுண்டு தங்கூஸின் தடிமன்தான். அல்லித் தண்டை அது ரம்பம்போல அறுத்துக்கொண்டும் வரும். ஆகவே தவளைக்கு 50 முதல் 65 பவுண்டு. ஸ்பின்னிங் ரீல் என்றால் 30 முதல் 40 வரை போகலாம், அதற்கு மேல் வீச்சுத் தூரம் குறையும். பிரெய்டை, ரீலில் நரம்பு சுற்றும் உருளையான ஸ்பூலில் வெறுமனே நேராகக் கட்டாதீர்கள். மொத்த நரம்பும் ஸ்பூலில் வழுக்கிச் சுற்றும். மீன் பலமாக இழுக்கும்போது நரம்பை வழுக்கிவிடும் அமைப்பான டிராக் கெட்டுவிட்டது என்று ரீலைத் திருப்பிக் கொடுக்கிறவர்களில் பலருக்கு உண்மையான கோளாறு இதுதான். அடியில் ஐந்தாறு மீட்டர் தங்கூஸ் சுற்றி, அதன்மேல் பிரெய்டை ஈரத்துணியில் இறுக்கிப் பிடித்துச் சுற்ற வேண்டும். தளர்வாகச் சுற்றினால் முதல் பெரிய இழுப்பில் மேல் சுற்று கீழ்ச் சுற்றுக்குள் புதைந்துகொள்ளும்.

முடிச்சு பாலோமர். நரம்பை ஒரு சாண் மடித்து, மடிப்பைத் தவளையின் மூக்கு வளையத்தில் நுழைத்து, இரட்டை நரம்பிலேயே ஒரு சாதா முடிச்சைத் தளர்வாகப் போட்டு, மடிப்பு வளையத்துக்குள் தவளை முழுவதையும் கடத்தி, எச்சிலால் நனைத்து இரு பக்கமும் சேர்த்து இழுக்க வேண்டும். நனைக்காமல் இழுத்தால் உராய்வில் நரம்பு சூடேறி அந்த இடம் பலவீனப்படும். வழக்கமான சுற்று முடிச்சு பிரெய்டில் வழுக்கிவிடும். விராலுக்குக் கம்பி லீடர் அவசியமில்லை, அது தவளையின் மூக்கைத் தண்ணீருக்குள் அமுக்கும். ஒவ்வொரு மீனுக்குப் பின்னும் கடைசி ஒரு முழ நரம்பை விரலால் உருவிப் பார்த்து, பிசிறு தட்டினால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுவதே போதும்.

இப்போது ராடு. கைப்பிடிக்குச் சற்று மேலே தண்டில் மூன்று செய்திகள் அச்சாகியிருக்கும்: வலிமை, வளைவு, லூர் எடை. நீளத்தையும் விலையையும் விட இந்த மூன்றுதான் முக்கியம். தவளைக்கு வலிமை மீடியம் ஹெவி அல்லது ஹெவி. வளைவு ஃபாஸ்ட் ஆக்‌ஷன், அதாவது நுனிப் பகுதி மட்டும் வளைந்து மற்றது விறைப்பாக நிற்பது. லூர் எடை கால் அவுன்ஸ் முதல் ஒரு அவுன்ஸ் வரை என்றிருந்தால் 7 முதல் 28 கிராம். நம் தவளை நடுவில் விழுகிறது, பிழையில்லை. 'அல்ட்ரா லைட்' ராடில் 15 கிராம் தவளையை வீசினால் தண்டு துவண்டுபோகும். 'ஹெவி' ராடில் 4 கிராம் லூரை வீசினால் தண்டு வளையவே வளையாது, லூர் காலடியில் விழும். கிராங்க்பெய்ட்டுக்கு நேர்மாறாக, பாதி வரை வளையும் மாடரேட் ராடு வேண்டும். விறைப்பான ராடில் அந்தச் சின்ன முட்கள் மீன் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். ஒரே ராடில் எல்லாம் செய்யலாம் என்று விற்கிறவரை நம்ப வேண்டாம்.

நீளம் 6 அடி 6 அங்குலத்திலிருந்து 7 அடி. சீமைக்கருவேலம் அடைத்த கரையில் 8 அடி ராடு வீசவே இடமிருக்காது. ஆன்டெனா மாதிரி இழுத்து நீட்டும் ராடு பஸ்ஸில் கொண்டுபோக வசதி, விராலுக்கு உதவாது. இரண்டு துண்டு ராடு தாராளமாகப் போதும், ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை இணைப்பு தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தால் சரி. கடையில் ஒரு வேலை செய்யுங்கள்: காது குடையும் பஞ்சுக் குச்சியை ராடில் நரம்பு ஓடும் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுச் சுற்றுங்கள். பஞ்சு இழை மாட்டினால் வளையத்தில் விரிசல் இருக்கிறது. அது பிரெய்டைச் சுரண்டி அறுக்கும். கார்பன் ராடுகள் பெரும்பாலும் மீனால் உடைவதில்லை, கரையேற்றும்போது நுனியைத் தலைக்குப் பின்னால் தூக்குவதால் உடைகின்றன. மீன் காலடிக்கு வந்ததும் ராடை இறக்கி, நரம்பைப் பிடித்தோ வலைக்கரண்டியாலோ எடுங்கள். இன்னொன்று, கார்பன் மின்சாரம் கடத்தும். நம் ஏரிக்கரைகள் பலவற்றின் மேல் மின்கம்பி போகிறது. அதன் கீழ் நின்று ராடை உயர்த்தவே கூடாது. இடி இடித்தால் ராடைக் கீழே போட்டுவிட்டுக் கரையை விட்டு இறங்க வேண்டும். முழுப்பக்கக் கட்டுரையில் இதற்கு ஒரு வரி கூட இல்லாதது வருத்தம்.

ரீலுக்கு வருவோம். புதியவருக்கு 3000 அளவு ஸ்பின்னிங் ரீல். வீசியபின் வளைகம்பியைக் கையால் மூடி, தளர்ந்த நரம்பை ஒரு இழு இழுத்துவிட்டுச் சுற்றத் தொடங்கினால் பாதி சிக்கல் வராது. கைப்பிடியைச் சுற்றியே மூடுவதால்தான் தளர்ந்த கண்ணி ஸ்பூலில் ஏறி, அடுத்த வீச்சில் குருவிக்கூடாக வெளியே வருகிறது.

பெய்ட்காஸ்டர் துல்லியத்துக்கும் கனமான நரம்புக்கும் உகந்தது. கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் ஏழு சுற்று சுற்றும் 7:1 வகை தவளைக்கு நல்லது, தளர்வை வேகமாக வாங்கும். ஆனால் பழகாத கையில் அது வம்பு. லூர் காற்றில் வேகம் குறைந்தபின்னும் ஸ்பூல் அதே வேகத்தில் ஓடி நரம்பைத் துப்புவதுதான் சிக்கலின் மூலம். வீட்டு மொட்டைமாடியிலேயே சரிசெய்துகொள்ளலாம். எந்தத் தவளையை வீசப்போகிறீர்களோ அதையே கட்டி, நுனியில் தொங்கவிட்டு, கட்டைவிரல் பொத்தானை அமுக்குங்கள். கைப்பிடிப் பக்கச் சிறு திருகைத் தளர்த்தத் தளர்த்தத் தவளை மெதுவாக இறங்க வேண்டும்; தரையைத் தொட்டதும் ஸ்பூல் ஒரு சுற்றுக்கு மேல் ஓடக்கூடாது. மறுபக்க பிரேக்கைப் பத்துக்கு எட்டில் வைத்துத் தொடங்கி, கை பழகப் பழகக் குறைக்கலாம். தவளை தண்ணீரைத் தொடும் கணத்தில் கட்டைவிரல் ஸ்பூலில் இருக்க வேண்டும். லூர் எடை மாறினால் திருகையும் மாற்ற வேண்டும். இதை மறப்பவர்கள்தான் அதிகம். அப்படியும் சிக்கினால் நரம்பைப் பிய்க்காதீர்கள்: டிராக்கை இறுக்கி, கட்டைவிரலால் ஸ்பூலை அழுத்திக்கொண்டே கைப்பிடியை இரண்டு மூன்று சுற்று சுற்றி, பிறகு பொத்தானை அமுக்கி நரம்பை மெதுவாக இழுத்தால் பெரும்பாலான சிக்கல் தானே அவிழும்.

டிராக்கைக் கணிப்பில் வைக்காமல் ஒரு தொங்கு தராசைக் கட்டி இழுத்துப் பாருங்கள். 50 பவுண்டு நரம்பு என்றால் 22 கிலோ சொச்சம். கால் பங்காக ஐந்தரை கிலோவில் டிராக் வழுக்கத் தொடங்கினால் சரி. செடிக்குள் அதைவிடத் தளர்த்தினால் விரால் வேருக்குள் புகுந்து சுற்றிக்கொள்ளும்.

விரால் மேலே வந்து காற்றுக் குடிக்கும் மீன், அதுவே இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும். வட்டமாகத் தண்ணீர் கலைந்த இடத்தில் நேராக வீசினால் ஓடிவிடும். இரண்டு மூன்று மீட்டர் தாண்டி இலைமேல் விழவிட்டு, நுனியைச் சுண்டிச் சுண்டி அந்த இடத்தின் மேலாகக் கொண்டுவர வேண்டும். அடித்த சத்தம் கேட்டதும் வெட்டி இழுப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. ராடு நுனியை மீன் பக்கம் தாழ்த்தி, இரண்டு எண்ணி, தளர்வைச் சுற்றி, கையில் கனம் தெரிந்தபின் ஓங்கி இழுங்கள். தவளை மேலேயே மிதந்தால் அடித்தது தவறியிருக்கிறது. அசைக்காமல் சில நொடி விட்டால் பல சமயம் திரும்ப வரும்.

கடைசியாக, "குஞ்சுத் திரளைக் கண்டால் அதன் நடுவே வீசுங்கள், விரால் நிச்சயம்" என்ற வரி. மழைக்காலத்தில் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே கொதிப்பதுபோல் தெரியும். தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும். அங்கே மீன் பசிக்காக அடிப்பதில்லை, குஞ்சைக் காக்க அடிக்கிறது. பெற்ற மீனை எடுத்துவிட்டால் கெளுத்தியும் குறவையும் கொக்கும் அந்தக் கூட்டத்தையே தீர்த்துவிடும். கண்மாயைக் குத்தகை எடுத்தவரிடம் கேட்டு அனுமதி வாங்கி வீசுகிறவர்களுக்கு அவரே முதலில் சொல்லும் நிபந்தனையும் பல ஊர்களில் இதுதான். அடுத்த வாரப் பகுதியில் அந்த வரியை மட்டுமாவது திருத்தி வெளியிட வேண்டுகிறேன். இடமிருந்தால் படத்தையும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சிவகங்கை மாவட்டம்