செந்திலு, நீ கேட்ட அந்த சிலிண்டர் மேட்டரு

டேய் செந்திலு, அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு கேட்டதும்தான் எனக்கு நிம்மதி. இங்க ஹூஸ்டன்ல வெயில் கொளுத்துது, பெரியவ லைசென்ஸ் எடுத்துட்டா.

பழைய பிக்கப் பாத்து வச்சிருக்கேன், பாதி சிலிண்டர் தானா ஆஃப் ஆகுற வண்டி, நெஜமாவே பெட்ரோல் மிச்சமாகுமாடான்னு கேட்டிருந்தல்ல. ஆகும்டா, ஆனா நீ நெனக்கிற அளவு இல்ல.

என் பிக்கப் செவர்லே சில்வராடோ, 5.3 லிட்டர் வி8, அதாவது எட்டு சிலிண்டர். எட்டும் ஓடினா டேஷ்ல வி8, நாலு மட்டும் ஓடினா வி4னு மாறி மாறி காட்டும். போன மாசம் ஐ-10ல சான் அன்டோனியோக்கு ரெண்டு தடவ போனேன், கிட்டத்தட்ட 200 மைல், மணிக்கு 65 மைல்ல க்ரூஸ் போட்டு, காலி வண்டி. ஒரு தடவ அப்படியே ஓட்டினேன், இன்னொரு தடவ மெக்கானிக் ஸ்கேனர் மாட்டற ஓபிடி போர்ட்ல ஒரு சின்ன டப்பா சொருகி, சிலிண்டர் ஆஃப் ஆகறத நிறுத்திட்டு எட்டுலயும் ஓட்டினேன். ஃபுல் டேங்க் அடிச்சு கணக்கு பாத்தா அப்படியே ஓட்டினப்ப கேலனுக்கு 20.6 மைல், டப்பா சொருகினப்ப 19.8. எதிர்காத்து அடிச்சாலே இவ்ளோ மாறும், அதனால இத அப்படியே நம்பிடாத. இதே கணக்குல வருஷம் 15,000 மைல் ஓட்டினா 29 கேலன் மிச்சம், கேலன் 3 டாலர்னு வச்சாலும் 90 டாலர்கூட வராது.

லைட்டா ஓடும்போது வி8ல த்ராட்டில், அதான் எஞ்சினுக்கு காத்து போற வழியில இருக்கற மூடி, கொஞ்சூண்டுதான் தொறந்திருக்கும், அந்த சந்து வழியா காத்த இழுக்கவே எஞ்சின் தெம்பு போகுது, நசுங்கின ஸ்ட்ரால ஜூஸ் உறிஞ்சற மாதிரி. நாலு சிலிண்டரோட வால்வ மூடி வச்சா மிச்ச நாலும் கூடுதலா உழைக்கணும், த்ராட்டில் நல்லா தொறக்கும், அந்த சிரமம் கொறையும். டீசல்ல காத்த இப்படி அடக்கி ஓட்டறதில்ல, அதனால அதுல இவ்ளோ லாபம் வராது. போன சனிக்கிழம போட் ட்ரெய்லர் கட்டிட்டு கால்வெஸ்டன் போனப்ப வி4னு காட்டவே இல்ல, நீ வாரா வாரம் ட்ரெய்லர் இழுக்கற ஆளு, இதுக்காக ஒரு டாலர்கூட சேத்துக் குடுக்காத.

1981ல காடிலாக் கார்ல எட்டு, ஆறு, நாலுன்னு சிலிண்டர் மாறற மாதிரி 8-6-4னு இதையே போட்டப்ப அந்தக் கால கம்ப்யூட்டர் ஈடு குடுக்கல. 2019 சில்வராடோல வந்தது 17 விதமா சிலிண்டர ஆன் ஆஃப் பண்ணும், பட்ஜெட்ல கெடச்சா அதையும் பாரு.

எனக்கு பயமே லிஃப்டர்லதான்டா, வால்வ தொறக்க வைக்கற பார்ட் அது. உள்ள ஒரு குட்டி லாக் பின், ஆயில் ப்ரெஷர்லதான் அசையும், ஆயில் அழுக்கா இருந்தா மாட்டிக்கும், அந்த ஒரு ரிப்பேர்ல பல வருஷ மிச்சம் போயிடும். அதனால காலையில எஞ்சின் ஆறிக் கெடக்கறப்ப போய் நீயே ஸ்டார்ட் பண்ணு, டிக் டிக்னு சத்தம் விடாம வருதான்னு கேளு, ஆயில் மாத்தின ரெக்கார்ட போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, நான் பாத்துட்டு சொல்றவரைக்கும் அட்வான்ஸ் குடுத்துடாத.

அன்புடன்,
ரவி