எலியட் ரிச்சர்ட்சன் நூலுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

வணக்கம். அமெரிக்காவின் அட்டர்னி ஜெனரலாக, அதாவது நீதித்துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்த எலியட் ரிச்சர்ட்சனின் வாழ்க்கையைப் பற்றி நான் எழுதிய சிறுநூல் அச்சாகி வந்துவிட்டது. வெளியீட்டு மேடையில் எல்லோருக்கும் நன்றி சொல்ல நேரம் போதவில்லை. சிலர் பெயர் வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்கள். ஆகவே யார் பெயரும் போடாமல், அவரவர் செய்த உதவியை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதல் நன்றி, ராணுவ மருத்துவப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஹவில்தார் ஐயாவுக்கு. ரிச்சர்ட்சன் 1920-இல் பாஸ்டனில் ஒரு மருத்துவர் குடும்பத்தில் பிறந்தவர். ஹார்வர்டில் படித்துவிட்டு, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் 4-வது காலாட்படை டிவிஷனில் லெப்டினென்ட் ஆனார். அவர் தலைமையில் இருந்தது, காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் தூக்கிவரும் பிளட்டூன். 1944 ஜூன் 6 அன்று பிரான்ஸில் நார்மண்டியின் யூட்டா கடற்கரையில் இறங்கினார்கள். கண்ணிவெடியில் பாதம் சிதைந்த ஓர் அதிகாரி வெடி புதைத்த மணலில் விழுந்து கிடந்தார். ரிச்சர்ட்சன் அடிமேல் அடி வைத்துப் போனார், அவரைத் தூக்கினார், போன தடத்திலேயே திரும்பி வந்தார்.

இதை நான் வாசித்துக் காட்டியதும் ஐயா, "ரெண்டு வரியில முடிச்சிராதீங்க" என்றார். பேரனை நார்க்கட்டிலில் படுக்கவைத்து, அக்கம்பக்கத்துப் பையன்களை நான்கு மூலையிலும் நிறுத்தினார். சமதரையில் காயம்பட்டவரின் கால் முன்னே போக வேண்டும், மேடு ஏறும்போது தலை முன்னே போக வேண்டும், தலைமாட்டில் வருபவர் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் செய்துகாட்டினார். பிறகு பேரனைத் தான் ஒருவராகவே தூக்கிக்கொண்டு, "இப்பப் பாருங்க, என் பாதம் எனக்கே தெரியல. கண்ணிவெடிக்கு நடுவுல இப்படித்தான் அவர் வந்திருப்பாரு" என்றார். நூலின் இரண்டாம் அத்தியாயம் முழுக்க அவர் தந்தது.

பாஸ்டனில் இருக்கும் என் அண்ணன் மகளுக்கும் பெரிய கடன் பட்டிருக்கிறேன். வேலை முடிந்து நூலகத்துக்குப் போய், பழைய செய்தித்தாள்களையும் செனட் விசாரணைப் பதிவுகளையும் படியெடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தாள். போருக்குப் பின் 1947-இல் சட்டப் பட்டம், நீதிபதி லேர்னட் ஹேண்டிடமும் பிறகு உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஃபெலிக்ஸ் பிராங்ஃபர்ட்டரிடமும் லா கிளார்க் எனப்படும் சட்ட உதவியாளர் பணி, மாசசூசெட்ஸில் அரசு வழக்கறிஞர், துணை ஆளுநர், மாநில அட்டர்னி ஜெனரல், அப்புறம் அதிபர் நிக்சனின் அமைச்சரவை என்று அவருடைய பதவிப் பட்டியல் நீளமானது. நூலில் அதை வேகமாகவே கடந்திருக்கிறேன். என் மனம் 1973-இல்தான் நின்றது.

அங்கேதான் ஓய்வுபெற்ற சார்பு நீதிபதி ஐயா கைகொடுத்தார். நிக்சன் தரப்பினர் எதிர்க்கட்சி அலுவலகத்தில் புகுந்து உளவு பார்த்ததும் அதை மூடிமறைக்க முயன்றதுமான வாட்டர்கேட் விவகாரம் முற்றியபோது, நிக்சன் ரிச்சர்ட்சனை அட்டர்னி ஜெனரலாக நியமித்தார். அதை விசாரிக்கச் சிறப்பு வழக்கறிஞர் ஒருவரை அமர்த்துவேன், அவர் வேலையில் தலையிட மாட்டேன் என்று செனட் நீதிக் குழுவின் முன் ரிச்சர்ட்சன் வாக்குக் கொடுத்த பிறகே அவருக்கு ஒப்புதல் கிடைத்தது. தன் ஹார்வர்டு பேராசிரியர் ஆர்ச்சிபால்ட் காக்ஸை அந்தப் பொறுப்பில் அமர்த்தினார். வெள்ளை மாளிகைப் பேச்சுகளின் ஒலிநாடாக்களைக் காக்ஸ் விடாமல் கேட்கவே, அவரை நீக்கச் சொல்லி நிக்சனிடமிருந்து உத்தரவு வந்தது. அக்டோபர் 20, சனிக்கிழமை. மத்திய கிழக்கில் போர் நடந்துகொண்டிருந்தது. இந்த நேரத்தில் விலகினால் நாட்டுக்குக் கெடுதல் என்று அதிபரே நேரில் அழுத்திச் சொன்னார். ரிச்சர்ட்சன் பதவி விலகினார். அடுத்த நிலையிலிருந்த வில்லியம் ரக்கல்ஸ்ஹவுஸும் மறுத்தார். நீதித்துறையில் மூன்றாம் நிலையிலிருந்த ராபர்ட் போர்க் அந்த உத்தரவை நிறைவேற்றினார். துறை தலையில்லாமல் போய்விடக் கூடாது என்று போர்க்கை இருக்கச் சொன்னவர்களே இவர்கள் இருவரும்தான்.

சார்பு நீதிபதி ஐயா என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "சரிப்பா, அவர் வாக்கு வாய்வார்த்தையா, எழுத்திலா?" அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனேன். எழுத்தில்தான் இருந்தது. அசாதாரணமான முறைகேடு செய்தால் ஒழிய சிறப்பு வழக்கறிஞரை நீக்கக் கூடாது என்று மே மாதமே நீதித்துறை விதியாக வெளியிட்டிருந்தார்கள். அந்த விதியை வைத்துத்தான் அதே ஆண்டு நவம்பரில், காக்ஸை நீக்கியது சட்டவிரோதம் என்று நீதிபதி கெசல் தீர்ப்பளித்தார். உலகம் அந்தச் சனிக்கிழமையைக் கொண்டாடுகிறது. அதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் வழக்கறிஞராக நான் கையெடுத்துக் கும்பிடுவது மே மாதத்து ரிச்சர்ட்சனை. நியமனம் தந்தவருக்கே நாளை பிடிக்காமல் போகக்கூடிய ஒரு கட்டுப்பாட்டை, பதவியேற்கிற வேளையிலேயே எழுத்தில் ஒத்துக்கொள்ள எத்தனை பேருக்கு மனம் வரும்!

அவரைத் தெய்வமாக்கிவிடாதே என்று எச்சரித்தவரும் ஐயாதான். நாடாக்களைச் செனட்டர் ஸ்டெனிஸ் கேட்டுச் சரிபார்க்கட்டும் என்ற சமரசப் பேச்சில் ரிச்சர்ட்சனும் பங்கெடுத்தார். கடைசி நாள்கள் வரை இரு பக்கமும் ஒத்துவர ஒரு வழி உண்டா என்று தேடினார். அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். எனக்கு அதனால் அவர் மேல் மதிப்புக் கூடியதே தவிரக் குறையவில்லை.

1974 ஆகஸ்டில் நிக்சன் விலகினார். பிறகு ரிச்சர்ட்சன் பிரிட்டனுக்குத் தூதரானார். வணிக அமைச்சர் பதவி வந்தபோது, அமெரிக்காவில் நான்கு அமைச்சர் பதவிகள் வகித்த மிகச் சிலரில் ஒருவரானார். குடியரசுக் கட்சிக்காரரான அவரை, ஜனநாயகக் கட்சியின் அதிபர் கார்ட்டர் கடல் சட்ட மாநாட்டுக்குத் தன் பிரதிநிதியாக அனுப்பினார். 1999 டிசம்பர் 31 அன்று மறைந்தார். இந்தக் கடைசிப் பகுதியைக் கணினியில் தட்டச்சு செய்து, ஆண்டுகளை மூலத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்த என் ஜூனியர்கள் இருவருக்கும் நன்றி. மெய்ப்புப் பார்த்த தமிழாசிரியை அக்கா, மழைநாளிலும் அட்டையைக் காயவைத்துச் சொன்ன தேதியில் கொடுத்த அச்சகத்து அண்ணாச்சி, தாமதக் கட்டணம் பற்றிப் பேச்செடுக்காமல் புத்தகங்களை என்னிடமே விட்டுவைத்த நூலகர் அம்மா எல்லோருக்கும் நன்றி.

பிரதிகள் எங்கள் வழக்கறிஞர் சங்க நூலகத்தில் இருக்கின்றன. சட்ட மாணவர்கள் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
நூலாசிரியர்
திருநெல்வேலி